இரண்டு பேருக்குமாகக் கேட்டவள்

விளைமீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, லூர்த்தம்மா தன் புருசனுக்குக் கையாலேயே ஒரு பொய் சொன்னாள். வலது கையை நட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் நுனியிலிருந்து இடது கை விரல்களைக் கீழே தொங்கவிட்டாள். கம்பம், கம்பத்தில் விளக்கு. பிறகு கடற்கரைப் பக்கம் காட்டிவிட்டுப் பத்து விரல்களையும் ஒன்றாகக் குவித்தாள். துறைக்கு விளக்குப் போடுவது பற்றிப் பின்னேரம் கூட்டம், நீங்களும் வாங்கோ என்று அர்த்தம். கனிசியஸ் சந்தோசமாகத் தலையை ஆட்டினார். துறை விளக்கு எரியாமல் கிடப்பது அவருக்குப் பெரிய மனக்குறை. பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மனிதர் அப்போதே வெளிக்கிட்டுவிட்டார், பாவம்.

கூட்டம் உண்மையில் வாணம் விடுவது பற்றியது. யேசு பிறந்த நத்தார் அன்று இரவு ஏழு மணிக்குக் குருநகர்த் துறையிலிருந்து பெரிய வாணவேடிக்கை விடச் மாநகர சபை யோசிக்கிறது, கரையில் இருக்கிற சனம் ஓம் என்றால்தான் விடலாம், எல்லாரும் சனசமூக நிலையத்துக்கு வந்து உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள் என்று காலையில் ஓர் ஓட்டோ ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கை ஒழுங்கையாகக் கத்திக்கொண்டு போனது. அந்தச் சத்தம் கேளாத ஒரே மனிதர் கனிசியஸ்தான். முப்பது வருசத்துக்கு மேலாக அவருக்கு ஒரு சத்தமும் கேளாது. துறைக்குக் கிட்ட நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்தவரின் வள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு செல் குண்டு விழுந்தது. வள்ளத்துக்கும் ஒன்றுமில்லை, ஆளுக்கும் ஒரு கீறல் இல்லை. காது மட்டும் போய்விட்டது. அப்போது அவர்கள் கலியாணம் கட்டி ஒரு வருசம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு லூர்த்தம்மாதான் அவருக்குக் காது. பள்ளிக்கூடத்தில் படித்த கைமொழி ஒன்றும் அல்ல. குசினி அடுப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருவருமாக உண்டாக்கிக்கொண்ட மொழி. கரையில் மீன் ஏலம் போகும்போது அவள் மூக்கைத் தொட்டால் விலை ஏறுகிறது, கழுத்தைத் தடவினால் விட்டுவிடு. பூசையில் பங்குச் சுவாமி பிரசங்கம் வைக்கும்போது மடியில் கையை வைத்து அவள் சுருக்கிச் சொல்வாள். சுவாமி அரை மணித்தியாலம் சொன்னதை அவள் நாலு விரலில் சொல்லி முடித்துவிடுவாள்; அது கனிசியசுக்குக் கிடைத்த பெரிய வரம் என்று கோயிலில் ஒரு பகிடி உண்டு. ஆனால் இத்தனை வருசத்தில் அவள் கை பொய் சொன்னதில்லை. மீன் வாங்க வருகிறவர்களுக்கு வாயால் சொல்கிற பொய்க்குக் கணக்கே கிடையாது, அது வியாபாரம். கையால் இன்றைக்குத்தான் முதல் தடவை.

ஏன் சொன்னாள் என்றால், வாணத்தை மறிக்கப் போகிறாள் என்று தெரிந்தால் அவர் ஏன் என்று கேட்பார். அவளுக்கு வெடிச் சத்தம் ஆகாது. இது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சந்தையில் லூர்த்தம்மா என்றால் சண்டிக்காரி. அவள் போடுகிற கூவலுக்கு எதிர்ப்பக்கத்து மரக்கறிக் கடைக்காரர்கள் காதைப் பொத்துவார்கள். நிறுவையில் விளையாடிய மொத்த வியாபாரி ஒருவனைத் திருக்கை வாலைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை துரத்தியவள். பயம் என்றால் என்னவென்று தெரியாதவள் என்று ஊரே சொல்லும், அந்தப் பெயரை வைத்துத்தான் அவளுடைய கடை ஓடுகிறது. ஆனால் செத்தவீட்டு ஊர்வலம் சீனவெடி கொளுத்திக்கொண்டு சந்தை வாசலால் போகும்போதெல்லாம் அவள் ஏன் வழமையைவிடப் பெரிதாய்க் கூவுகிறாள் என்று ஒருவரும் யோசித்ததில்லை. திருநாளுக்கு வாணம் விடும்போது அவள் குசினிக்குள் போய் உரலில் ஏதாவது இடித்துக்கொண்டிருப்பாள். எதுவும் இல்லாவிட்டால் வெறும் உரலை இடிப்பாள்.

அதைப் பயம் என்று சொல்லலாமோ என்று அவளுக்கே தெரியாது. செல்லடிக் காலத்தில் பதுங்குகுழியான பங்கருக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பார்கள். ஊர் முழுக்க ஆளாளுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்க, கனிசியஸ் மட்டும் குழந்தைப்பிள்ளை மாதிரி நித்திரை கொள்ளுவார். அவருக்கு என்ன தெரியும்! தூரத்தில் ‘டொம்’ என்று குத்துகிற சத்தம் கேட்டதும் லூர்த்தம்மா அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இரண்டு தரம் இழுப்பாள். எழும்பு, உள்ளே போ. எல்லாம் ஓய்ந்த பிறகு இருட்டுக்குள் அவருடைய கையைத் தேடிப் பிடித்து, விரல்களை விரித்து, உள்ளங்கையைத் தன் உள்ளங்கையால் இரண்டு தரம் துடைத்துவிடுவாள், மீன் வெட்டி முடித்த பலகையைத் துடைக்கிற மாதிரி. முடிஞ்சுது, வெளியிலை வரலாம். அவர் வந்து மறுபடியும் படுப்பார். அவள் மறுபடியும் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். எத்தனை வருசம் அப்படி! இரண்டு பேருக்குமாக அவளே கேட்டாள். சண்டை முடிந்து, பங்கரை மூடி, அதன் மேல் முருங்கை நட்டு, அது காய்த்தும் விட்டது. காதுக்கு மட்டும் ஒருவரும் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை.

சனசமூக நிலையத்தில் கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. சபையிலிருந்து டிலக்ஷன் என்றொரு இளம் உத்தியோகத்தர் வந்திருந்தார். நல்ல மரியாதையான பிள்ளை. பேசுகிறதைவிட வேர்வையைத் துடைக்கிறது கூட. முதலில் எழும்பியவள் லூர்த்தம்மாவின் பக்கத்துக் கடைக்காரி றஜனி.

“தம்பி, வாணம் விடுற காசிலை எங்கடை வாய்க்காலை வெட்டித் தாங்கோ. மழை பெஞ்சா என்ரை குசினிக்குள்ளை தூண்டில் போடலாம். அதுக்கு ஆர் வந்து படம் எடுக்கப்போகினம்?”

சனம் சிரித்துக் கைதட்டியது. லூர்த்தம்மாவுக்கு மூச்சு வந்தது. பிறகு விளையாட்டுக் கழகத் தலைவர் லெனாட் எழும்பினான். சொந்தமாக இரண்டு வள்ளம் வைத்திருப்பவன், நாற்பது வயதுக்குள், வாய் நீளம் என்றாலும் கெட்டவன் அல்ல.

“றஜனி அக்கா சொல்லுறது சரி, வாய்க்காலும் வேணும். ஆனா ஒண்டு கேக்கிறன். கொழும்பிலை விடுற வாணத்தை எங்கடை பிள்ளையள் எத்தினை வருசத்துக்கு ரீவியிலை பாக்கிறது? இந்தக் கரையிலை வெடிச்சதெல்லாம் ஆரோ எங்களைக் கொல்ல வெடிச்சது. இல்லாட்டிச் செத்தவீட்டுக்கு வெடிச்சது. ஒருக்காலாவது சந்தோசத்துக்கு வெடிக்கட்டுமன். நாங்கள் அண்ணாந்து பாத்தா ஓடி ஒளிக்கத்தான் வேணுமோ?”

லூர்த்தம்மாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவன் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல். அவனுடைய பிள்ளைகள் வானத்தைப் பயமில்லாமல் பார்க்க வேண்டும் என்று அவன் ஆசைப்படுகிறான். அவளுக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா? ஆனால் ஆசை வேறு, காது வேறு. அவள் எழும்பினாள். இதற்காகத்தானே மனிசனை வெள்ளைச் சேட்டோடு கூட்டிக்கொண்டு வந்தது.

“எல்லாரும் இவரைப் பாருங்கோ,” என்று கனிசியசைக் காட்டினாள். “என்ரை மனிசன்ரை காது போனது வெடியாலை. இந்தத் துறையிலைதான் போனது. அந்த மனிசன் இருக்கிற இடத்திலை, அந்தத் துறையிலையே நிண்டு திரும்பவும் வெடி கொளுத்தப்போறியளோ? அவர் எப்பிடித் தாங்குவார்? மனச்சாட்சி வேண்டாமே?”

நல்ல பேச்சு. இரண்டு மூன்று பெண்கள் ‘ச்சொ’ என்று சொல்லக்கூடச் செய்தார்கள். அந்த நேரம் பார்த்து லெனாட் தலையைச் சொறிந்தான்.

“லூர்த்தம்மா அக்கா, குறை நினையாதேங்கோ. அண்ணைக்குத்தானே ஒண்டும் கேளாது? குருநகரிலை வெடிச் சத்தத்தாலை கரைச்சல் இல்லாத ஒரே ஆள் அவரெல்லோ!”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சுவரோடு நின்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். றஜனிகூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். கனிசியஸ் நாலு பக்கமும் பார்த்து, எல்லாரும் சிரிப்பதால் தானும் சிரித்தார். அது அவருடைய வழக்கம். லூர்த்தம்மாவுக்குக் காது மடல் எரிந்தது. ‘எனக்குத்தான்ரா கரைச்சல்’ என்று ஒரு சொல் தொண்டைவரை வந்தது. வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். சந்தைச் சண்டிக்காரி வாயடைத்துப்போன முதல் நாள் அதுதான்.

சிரிப்பு அடங்க, டிலக்ஷன் கொண்டுவந்த பெரிய படத்தை விரித்துச் சுவரில் பிடித்தார். கறுப்பு வானம், கீழே கடல், மேலே சிவப்பும் பச்சையுமாகப் பூப்பூவாய் வாணம். கனிசியஸ் படத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, கம்பமும் விளக்கும் செய்து காட்டி, எங்கே என்று புருவத்தை உயர்த்தினார். அவளுடைய கைகள் மடியில் கிடந்தன. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு எழும்பினார். அவர் வெளியே கதைப்பது மிகக் குறைவு. தன் சத்தம் தனக்குக் கேளாததால் அது எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவருக்குத் தெரியாது.

“வாணம்!” என்றார். கூரைத் தகரம் அதிர்ந்தது. “வாணம் நல்லது! நான் பாக்கோணும்! எனக்கு ஆசை!”

அவ்வளவுதான், முடிந்தது கதை. சனம் எழும்பி நின்று கைதட்டியது. லெனாட் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தான். வெடியால் காது போன மனிசனே வாணம் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? டிலக்ஷன் நன்றி சொல்லிப் படத்தைச் சுருட்டினார். லூர்த்தம்மா ஒருவருக்கும் சொல்லாமல் வெளியே வந்து விறுவிறு என்று நடந்தாள்.

காது கேளாதவரோடு சண்டை பிடிப்பதில் ஒரு வசதி உண்டு, முதுகைத் திருப்பினால் பேச்சு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அவள் அதைத்தான் செய்தாள். கனிசியஸ் சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்தார். அவள் மற்றப் பக்கம் திரும்பினாள். அவர் மறுபடியும் சுற்றினார். அடுப்பைச் சுற்றி இப்படியே இரண்டு பேரும் ஒரு கூத்து ஆடினார்கள். கடைசியில் அவர் அவளுடைய தோளைப் பிடித்து நிறுத்தி, கம்பம், விளக்கு, ஏன் என்று கேட்டார். அவருடைய கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். இந்த மனிசனுக்கு வெளி உலகம் என்பதே அவளுடைய இரண்டு கைதான், அதில் அவள் கள்ளம் செய்துவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“பயமோ?” என்று கேட்டார் கனிசியஸ், வாயால்.

ஐயோ, அந்தச் சத்தம்! ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். லூர்த்தம்மா பாய்ந்து அவருடைய வாயைப் பொத்தினாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். வெடி, எனக்கோ, பயமோ என்று கையை விசிறிக் காட்டிச் சிரிக்கவும் பார்த்தாள். அவர் அவளுடைய கையை வாயிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு நம்பினவர் மாதிரிப் போய்ப் பாயில் இருந்தார்.

நத்தார்வரை இருந்த நாட்களில் சந்தையில் அவளுடைய கூவல் பாதியாகிவிட்டது. தொண்டையிலே ஏதும் வருத்தமோ என்று றஜனி கொத்தமல்லிக் குடிநீர் அவித்துக்கொண்டு வந்து தந்தாள். லூர்த்தம்மா அதைக் குடித்துவிட்டு, கொடிகாமத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு நத்தாருக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அங்கே கடல் இல்லை, வாணம் இல்லை, தேங்காயும் மாட்டுச் சாணமும்தான். கனிசியசிடமும் அதையே கையால் சொன்னாள். தான் வாணம் பார்க்க நிற்கப்போவதாக அவர் சொன்னார். போகாதே என்று சொல்லவில்லை. அவள் அதை எதிர்பார்த்தாளோ என்னவோ, மனம் சுருங்கிவிட்டது.

நத்தார் அன்று காலைப் பூசை முடிந்து, ஆட்டிறைச்சி காய்ச்சி, அவருக்குப் போட்டு மூடி வைத்துவிட்டு, பின்னேரம் கேக் சுற்றிய பையோடு பஸ் நிலையத்துக்குப் போனாள். விடுமுறை என்றபடியால் பஸ் குறைவு. வெகு நேரம் காத்து நின்று ஏறினாள். யன்னல் பக்கம் ஒரு வயதானவர், நெற்றியில் திருநீறு, காலடியில் வெறும் சாக்குகள். கத்தரிக்காய் விற்றுவிட்டுத் திரும்புகிறவராக்கும். இருந்த கையோடு நித்திரையாகிவிட்டார். பஸ் புறப்பட ஆயத்தமாக உறுமிக்கொண்டு நின்றது. வானம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

எதிரே ஒரு புதுக் கடை வாசலில் யாரோ சீனவெடிக் கட்டொன்றைக் கொளுத்திப் போட்டார்கள்.

படபடவென்று அது வெடித்து முடிந்தபோதுதான் லூர்த்தம்மா தன் கையைப் பார்த்தாள். அது பக்கத்தில் இருந்த மனிதரின் சேட்டுக் கொலரை இறுக்கிப் பிடித்திருந்தது. இழுத்தும் இருக்கிறது, இரண்டு தரம். கொலரின் மேல் பொத்தான் கழன்று தொங்கியது. அந்த மனிதர் திடுக்கிட்டு எழும்பி யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“என்ன பிள்ளை, கொடிகாமம் வந்திட்டுதோ?”

“இல்லை ஐயா... இன்னும் வெளிக்கிடேல்லை. குறை நினையாதேங்கோ.”

“வெடியெல்லோ அது? வெடிதான்,” என்றார் அவர், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “உங்கடை ஆள் ஆரோ பக்கத்திலை எண்டு நினைச்சிட்டியளாக்கும்.”

“ஓம் ஐயா.”

“ஆள் எங்கை?”

லூர்த்தம்மா துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆள் அங்கே தனியத் துறையில் இருப்பார். ஏழு மணிக்கு முதல் வெடி வெடிக்கும், பக்கத்தில் கொலரை இழுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். இழுக்கத் தேவையில்லை என்று அவளுடைய புத்திக்குத் தெரியும். அது வாணம், பூ மாதிரி விரிகிற வாணம், அவர் பார்க்க ஆசைப்பட்டது. ஆனால் கைக்கு அது தெரியாதே! கொடிகாமத்தில் அல்ல, கொழும்பிலே போய் இருந்தாலும் இந்தக் கை பக்கத்தில் இருக்கிறவனை எல்லாம் பிடித்து இழுக்கும். இழுக்கிறதென்றால் உரிய ஆளை இழுப்போம் என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நடத்துனர் மணியை அடிக்க முதல் அவள் இறங்கிவிட்டாள். கேக் பையில் ஒரு துண்டை மட்டும் எடுத்து அந்த மனிதரின் கையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். பொத்தானுக்கு நட்டஈடு.

துறையில் திருநாள் மாதிரிச் சனம். ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டு, வறுத்த கச்சான் கடலை மணம், பிள்ளைகளின் கையில் மினுங்குகிற பலூன். எல்லாரும் படிக்கட்டுப் பக்கமாக நெருக்கியடித்து நிற்க, கனிசியஸ் மட்டும் கடைசியில், கவிழ்த்துப் போட்ட தன் வள்ளத்தின் மேல் வெள்ளைச் சேட்டோடு இருந்தார். ஒருவரும் அவரைத் தேடிப் போய்க் கதைக்கவில்லை. கதைத்தால்தான் என்ன, கை தெரிந்த ஆள் இல்லையே. லூர்த்தம்மா பின்பக்கமாகப் போய் நின்றாள். அவருக்குக் காலடிச் சத்தம் கேளாது, ஆனால் வள்ளத்தின் பலகை அசைந்ததும் திரும்பிப் பார்த்தார். ஆச்சரியப்பட்டாரோ தெரியவில்லை. ஒரு பக்கமாய் அரக்கி இருந்து இடம் விட்டார். அவள் ஏறி இருந்து, பையைத் திறந்து கேக்கைக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் தின்றார்.

அப்போது அவள் கையை எடுத்தாள். வலது கையை நிறுத்தி, இடது கை விரல்களைத் தொங்கவிட்டாள். கம்பம், விளக்கு. பிறகு அதைக் கலைத்துவிட்டு, நெஞ்சில் தொட்டு, வாயைத் தொட்டு, விரலை மடக்கினாள். நான் சொன்னது பொய். மற்றச் சொல்லுக்கு அவர்களிடம் கை கிடையாது. பயம் என்று சொல்ல வேண்டிய தேவை அவளுக்கு இதுவரை வந்ததில்லை, ஆகவே அந்தச் சொல்லை அவர்கள் உண்டாக்கவே இல்லை. அவள் நடுங்குகிற தன் இரண்டு கைகளையும் அப்படியே நீட்டிக் காட்டினாள். ஒழுங்கை விளக்கின் மங்கலில் அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வாணம் ஏறியது. கிறீச்சென்று நீளமாய் ஒரு சத்தம், பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. அந்த ஒரு நொடிதான் கொடுமை, அதை அறிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு ‘டொம்’. கடல் முழுக்கப் பச்சை. சனம் ‘ஓ’ என்று கத்தியது. லூர்த்தம்மாவின் கை கனிசியசின் கொலரைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தது. அவர் அசையவில்லை. வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகமும் பச்சையாக இருந்தது. அடுத்தது வெடித்தது, சிவப்பு. அவள் மறுபடியும் இழுத்தாள். எழும்பு, எழும்பனப்பா, உள்ளே போ. அவள் இப்போது தெரிந்துதான் இழுத்தாள், நிற்பாட்டத்தான் தெரியவில்லை.

கனிசியஸ் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கொலரைப் பிடித்திருந்த கையைத் தேடிப் பிடித்தார். இறுக்கி மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். வலையும் கயிறும் இழுத்துக் காய்த்துப்போன தன் உள்ளங்கையால் அவளுடைய உள்ளங்கையை மெல்லத் துடைத்துவிட்டார். ஒரு தரம். இன்னொரு தரம்.

லூர்த்தம்மா அந்தக் கையைப் பார்த்தாள். துறையின் நுனியிலிருந்து இன்னொரு வாணம் கிறீச்சிட்டுக்கொண்டு ஏறியது. அது வெடிப்பதற்கு முன்னாலேயே அவர் மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.